தாலியும் ஒற்றைச் செருப்பும்

சூரி என்கிற சூர்யநாராயணனை நம்பி எதையும் கொடுக்கக்கூடாது என்று அந்தக் குடும்பத்தில் யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்த பழக்கம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போனால் தெருக்கோடி வரை போய்விடுவான். சிப்காட்டில் பார்த்த வேலைகளில் எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் பக்கம், ஜெராக்ஸும் பைண்டிங்கும் போடும் கடை ஒன்றைத் திறந்து உட்கார்ந்தான். அங்கேயும் ஒரு மாணவனின் அட்டையில் இன்னொருவனின் ஆராய்ச்சியை ஒட்டிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது ஊருக்கே தெரியும்.

போன வாரம் அவன் மனைவி ஸ்வர்ணலதா அவனைப் புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தோம். இத்தனை வருஷமாக அலட்சியம், திமிர், பொறுப்பில்லாத்தனம் என்று வீடு முழுக்கப் பெயர் வைத்ததற்கு டாக்டர் வேறு பெயர் சொன்னார். ஏ.டி.எச்.டி. கவனம் ஓரிடத்தில் நிற்காமல் நழுவும் கோளாறு. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை, வளர்ந்த பிறகும் சிலரோடு கூடவே இருக்கும் என்றார். மாத்திரை கொடுத்தார். கூடவே சில வழிகளும் சொல்லிக்கொடுத்தார்.

தன் தப்பில்லை என்று தெரிந்த சந்தோஷத்தோடு தம்பி நடராஜிடம் போய்ச் சொன்னான் சூரி. தம்பி முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, இது நமக்குள்ளயே இருக்கட்டும். பொண்ணு வீட்டுக்குத் தெரிய வேணாம். அண்ணனுக்கு மூளையில கோளாறுன்னா தம்பிக்கும் இருக்குமா, பொறக்கிற புள்ளைக்கும் வருமான்னு கேப்பாங்க. என் கல்யாணம் நின்னு போயிடும். சத்தியம் பண்ணு."

சூரி சத்தியம் பண்ணினான். அதுதான் போன வாரம்.

இன்று நடராஜுக்குப் பெண் அழைப்பு. விடிந்தால் முகூர்த்தம். கடலூர் செம்மண்டலத்தில் மண்டபம். அக்கா சிவசக்தி, ஸ்வர்ணா, மாப்பிள்ளை நடராஜ் எல்லோரும் முந்தின நாளே போய்விட்டார்கள். சூரி மட்டும் சிதம்பரத்தில் தங்கியிருந்தான். தாலியைச் சிவகாமி அம்மன் சன்னதியில் வைத்து எடுத்துக்கொண்டு வர வேண்டும். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அது மூத்த மகனின் வேலை.

"அவன்கிட்டயா? தாலியையா?" என்று சிவசக்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நடராஜ்தான் ஒரே பிடியாக நின்றான். "அண்ணன்தான் கொண்டாரணும்."

அது கடையில் வாங்கின தாலியாக இருந்தால் சிவசக்தி இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். சுமங்கலியாகப் போன அம்மாவின் தாலியை உருக்கிச் செய்தது. தொலைந்தால் இன்னொன்று வாங்கி ஈடு கட்ட முடியாது.

காலையில் சன்னதியில் தாலி இருந்த எவர்சில்வர் டப்பாவை வாங்கிக்கொண்டதும் சூரி வாய்விட்டுச் சொன்னான்.

"டப்பா பையில. பை கையில."

பூஜை செய்தவர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். செய்ததை வாயால் சொன்னால் மனசு அதைப் பிடித்துக்கொள்ளும் என்பது டாக்டர் சொன்ன வழிகளில் ஒன்று. இப்போதெல்லாம் கேஸ் அடுப்பை மூடினால் ஒரு தடவை கைதட்டுகிறான். தட்டின ஞாபகம் இருந்தால் மூடியாயிற்று. சாவிக்கு ஒரே ஆணி. வேலைக்கு ஒரு அலாரம், அதை முடித்தாயா என்று கேட்க இன்னொரு அலாரம். இதையெல்லாம் பார்த்துச் சிரிக்காதவள் ஸ்வர்ணா ஒருத்திதான்.

பஸ் ஏறினதும் அவளே போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"பஸ்ல. ஜன்னலோரம். பை மடியில."

"ஒரே பைதானே? வேற எதையும் தூக்காதீங்க. வழியில யாரு என்ன ஒதவி கேட்டாலும் எறங்காதீங்க. அண்ணி இங்க ஒத்தக் கால்ல நிக்கறாங்க."

"நான் பாத்துக்கறேன் ஸ்வர்ணா."

பாத்துக்கறேன் என்று அவன் சொல்லாத நாள் இல்லை. ஆனால் இன்று அதைச் சொல்லும்போது மடியில் இருந்த பையை இன்னும் இறுக்கிக்கொண்டான். இதில் தவறினால் தவறினதுதான். அப்புறம் எந்த டாக்டர் எந்தப் பெயர் வைத்தாலும் அந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் காது கொடுக்க மாட்டார்கள்.

புதுச்சத்திரம் தாண்டினதும் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆம்பளைங்க எல்லாம் எறங்கி ஒரு கை குடுங்க. தள்ளிப் பாப்போம்."

நம்ம சூரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மெஷின் ஒன்று நின்றுவிட்டால் அது ஏன் நின்றது என்று தெரியாமல் அவனால் இருக்க முடியாது. ஸ்வர்ணா சொன்னது காதிலேயே இருந்தது. கால் இறங்கிவிட்டது.

தள்ளுவதற்கு இரண்டு கையும் வேண்டும். பையைப் புளியமரத்தடியில் இருந்த மதகுச் சுவரில் வைத்தான். தன்னை அவனுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் இஞ்சின் மட்டும்தான் மண்டையில் இருக்கும். பை இருக்காது.

டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. "மறக்கக்கூடாத பொருள் கூட, நீங்க விட்டுட்டுப் போகவே முடியாத ஒண்ணைச் சேத்து வச்சிடுங்க. செருப்பு வைங்க. ஒத்தச் செருப்போட யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க." கடையில் அதைச் செய்து பார்த்திருக்கிறான். சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பைண்டிங் கட்டின் மேல் ஒரு செருப்பைக் கழற்றி வைத்துவிடுவான். அதற்கப்புறம் ஒரு கட்டும் கடையில் தங்கினதில்லை.

ஆனால் இது தாலியாச்சே.

யோசித்தான். யோசிக்காமல் செய்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. வலது காலில் இருந்ததைக் கழற்றி, பையில் கிடந்த செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, டப்பாவில் படாமல் பையின் ஓரமாக வைத்தான். அம்மா, மன்னிச்சிக்க என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

மண்ணோரமாக நின்று தள்ளினார்கள். பஸ் கிளம்பவில்லை. பெல்ட் அறுந்திருக்குமா, டீசல் அடைத்திருக்குமா என்று டிரைவரோடு அவன் வாதாடிக்கொண்டிருந்தபோது பின்னால் இன்னொரு கடலூர் பஸ் வந்து நின்றது. எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். சூரியும் ஓடினான். மண்டை முழுக்க பெல்ட்.

தாரில் கால் வைத்தானோ இல்லையோ, உள்ளங்கால் பொசுங்கியது. ஆவணி மாத மத்தியான வெயில்.

குனிந்து பார்த்தான். வலது காலில் செருப்பு இல்லை. அப்புறம்தான் உறைத்தது.

"ஐயோ, தாலி."

திரும்பி ஓடினான். பை மதகுச் சுவரில் அப்படியே இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி ஓடி வந்ததில் இடது செருப்பு வார் அறுந்து ரோட்டிலேயே கிடந்தது. கிடக்கட்டும். படிக்கட்டில் தொற்றி ஏறிவிட்டான்.

கூட்டத்தில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கண்ணில் தண்ணீர் வந்தது. வலியும்தான். ஆனால் ஜாஸ்தி சந்தோஷம். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றைத் தொலைப்பதற்கு முன்னாலேயே அவன் திரும்பிப் போயிருக்கிறான்.

ஸ்வர்ணாவைக் கூப்பிட்டான். "செருப்பு வேலை செஞ்சிருச்சு."

"என்னது?"

நடந்ததைச் சொன்னான்.

"சரிங்க. நல்ல வேளை. ஆனா மண்டபத்துக்குள்ள நொழையறதுக்கு முன்னாடி அந்தச் செருப்பை வெளிய எடுத்துடுங்க. கேட்டுச்சா? மறந்துடாதீங்க."

"எடுத்துடறேன்."

எடுத்திருப்பான். செருப்பை வைக்க அவனிடம் ஒரு வழி இருந்தது. எடுக்க ஒரு வழி இல்லை. சிப்காட் தாண்டி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோ பிடித்துச் செம்மண்டலம் போய் இறங்கியபோது மண்டப வாசலில் சீரியல் செட் பாதி எரிந்து பாதி அணைந்திருந்தது. எந்த பல்பில் கோளாறு என்று அண்ணாந்து பார்த்தான். அவ்வளவுதான். வெறுங்காலோடு மண்டபத்துக்குள் நுழைவது எல்லோரும் செய்வது என்பதால் காலும் ஞாபகப்படுத்தவில்லை.

மாடியில் மாப்பிள்ளை வீட்டு அறையில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நடுவில் வெள்ளித் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள். பெண்ணின் அம்மா ரத்தினம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள். கம்மாபுரத்தில் விவசாயக் குடும்பம், பெண் படிப்புக்காகக் கடலூருக்கு வந்தவர்கள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் ரெண்டாவது பேச்சு இருக்காது. அன்றைக்குத் தாலியைக் கண்ணால் பார்த்துப் பொட்டு வைத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள்.

சிவசக்தி தம்பி கையிலிருந்த பையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"குடு இங்க. நீ வந்து சேந்ததே பெரிசு."

ஸ்வர்ணா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணி, கொஞ்சம் இருங்க..."

அண்ணி எங்கே இருந்தாள்? டப்பாவை எடுத்துத் தட்டில் வைத்தாள். அப்புறம் அந்தச் செய்தித்தாள் பொட்டலம். அம்மன் சன்னதிப் பூவாக இருக்கும் என்று நினைத்துத் தட்டின் மேலேயே பிரித்தாள்.

வெற்றிலையின் மேல் விழுந்தது செருப்பு.

கீழே நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்ப்பது மட்டும் கேட்டது.

சிவசக்தி கெட்டிக்காரி. முதலில் சமாளித்தது அவள்தான். "கருமம். பஸ்ல எவனோ போட்டிருக்கான் சம்பந்தி. கூட்டத்துல என்ன பண்றானுங்கன்னே தெரியறதில்ல." சொல்லிக்கொண்டே செருப்பை முந்தானையால் மூடப் பார்த்தாள்.

ரத்தினம்மாள் அசையவில்லை. "எவனோ போட்டான்னா, பை இவர் கைய விட்டுப் போயிருக்கு."

"அப்படி இல்ல சம்பந்தி..."

"எவனோ பைக்குள்ள கைய விட்டிருக்கான். தாலி டப்பாவைத் தொறந்தானா, மாத்துனானா, யாருக்குத் தெரியும்? அந்தத் தாலி எம் பொண்ணு கழுத்துல ஏறாது."

சிவசக்தியின் பொய் அவளையே திருப்பி அடித்தது. சூரி வாசல் பக்கம் பார்த்தான். நடராஜ் அங்கே நின்றுகொண்டிருந்தான். வேட்டி சட்டையில், நெற்றியில் சந்தனத்தோடு. அண்ணனைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினான். சொல்லிடாதே.

சத்தியம் பண்ணிக் கொடுத்த வாய். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் அம்மாவின் தாலி அந்தத் தட்டிலேயே கிடந்துவிடும். கல்யாணமும் அதோடு சரி. சூரி தட்டுக்கு முன்னால் வந்து நின்றான்.

"அந்தச் செருப்பு என்னோடது. நான்தான் வச்சேன்" என்றான்.

"டேய் சூரி, வாயை மூடு" என்றாள் சிவசக்தி.

"வேற யாரும் கைய விடலை. அம்மா மேல சத்தியமா."

ரத்தினம்மாள் அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "தாலி கூடவா தம்பி செருப்பை வப்பாங்க? ஏன் வச்சீங்க?"

சொன்னான். பஸ் நின்றதை, மதகை, வெயிலை, எல்லாவற்றையும். எப்போதும் போல நடுவில் எங்கெங்கோ போய்த் திரும்பி வந்தான். டாக்டர் வைத்த பெயரையும் சொன்னான். தான் செய்கிற வேலை தனக்கே தெரியாமல் கை நழுவிப் போவதையும், அதற்காக இத்தனை வருஷம் எல்லோரிடமும் திட்டு வாங்கினதையும், இப்போது கைதட்டியும் வாய்விட்டுச் சொல்லியும் செருப்பைக் கழற்றி வைத்தும் பிழைப்பதையும் சொன்னான். ஸ்வர்ணா அவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். சிவசக்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவளுக்கும் இது புதுச் சேதி.

ரத்தினம்மாள் கேட்டது ஒரே கேள்வி.

"இது வம்சத்துல வருமா?"

சூரி தம்பியைப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வரலாம்னு டாக்டர் சொன்னாரு. எல்லாருக்கும் வராது. வந்தாலும் இப்படிச் சமாளிச்சிக்கலாம்."

வாசலில் நடராஜ் இல்லை. படியில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நேரத்தில்தான் பெண் இலக்கியா எதிர் அறையிலிருந்து வந்தாள். பாதிப் பின்னல் தொங்க, ஒரு காதில் மட்டும் ஜிமிக்கியோடு. இத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"மாமா, எந்தக் காலு சுட்டுது?"

சூரிக்குப் புரியவில்லை. "வலது காலும்மா."

"காட்டுங்க."

கூச்சத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் திருப்பினான். உள்ளங்கால் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. அதுவரை அதை யாரும் கவனிக்கவில்லை, அவன் உட்பட. ஸ்வர்ணா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இலக்கியா அம்மாவிடம் திரும்பினாள். "அலட்சியமா இருக்கறவங்க இப்படி ஓடி வர மாட்டாங்கம்மா. எனக்கு வேற தாலி வேணாம்."

"நீ உள்ள போ."

"போறேன். ஆனா வேற தாலி வந்தா நான் தலை குனிய மாட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ரத்தினம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்புறம் ஸ்வர்ணாவிடம், "கொஞ்சம் மஞ்சத்தண்ணியும் பாலும் கொண்டாம்மா" என்றாள். செருப்பைத் தன் கையாலேயே எடுத்து வெளியே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். டப்பாவைத் திறந்து, தாலியைப் பாலில் நனைத்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, பொட்டு வைத்து, மறுபடி மூடினாள்.

சிவசக்தி கை நீட்டினாள். "குடுங்க சம்பந்தி. நான் பத்திரமா வச்சிக்கறேன்."

"வேணாம். கொண்டாந்தவரே வச்சிருக்கட்டும். காலையில அவரே எடுத்துக் குடுக்கட்டும்."

டப்பா சூரியின் கைக்கு வந்தது. முப்பது வயதைத் தாண்டியவனிடம், போன தடவை என்ன செய்தாய் என்று கேட்காமல் ஒருத்தர் ஒரு பொருளைக் கொடுப்பது இதுதான் முதல் தடவை.

ஆனால் ரத்தினம்மாள் இன்னும் முடிக்கவில்லை.

"தம்பி, நீங்க உண்மையைச் சொன்னீங்க. அதனால தாலி மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா இது இத்தனை நாளா மாப்பிள்ளைக்குத் தெரியுமா? தெரிஞ்சிருந்தா ஏன் மறைச்சாருன்னு அவர் வாயால நான் கேக்கணும். பெண் அழைப்புக்கு முன்னாடி கேக்கணும். கூப்பிடுங்க அவரை."

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

சூரி டப்பாவோடு இறங்கி, கீழே நடராஜுக்குத் தனியாகக் கொடுத்திருந்த அறைக்குப் போனான். கதவு திறந்திருந்தது. கட்டிலில் பட்டு வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. போன் தலையணைப் பக்கத்தில் கிடந்தது. நடராஜைக் காணோம்.

கட்டிலுக்கு அடியில் அவன் ஷூ இருந்தது. ரிசப்ஷனுக்கென்று புதிதாக வாங்கினது. ஒரு ஷூ மட்டும் உப்பலாகத் தெரிந்தது. சூரி குனிந்து கையை விட்டான். கைக்குட்டையில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்தான். இலக்கியாவுக்குப் போட வேண்டிய மோதிரம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மோதிரத்தை ஏன் ஷூவில் வைப்பார்கள் என்று வேறு யாரிடமும் கேட்டால் சிரிப்பார்கள். அவனிடம் கேட்க வேண்டியதில்லை. இதை நடராஜுக்கு டாக்டர் யாரும் சொல்லித் தரவில்லை. சூரியும் செருப்பைப் பற்றி அவனிடம் வாய் திறந்ததில்லை. யாருக்கும் தெரியாமல், இத்தனை வருஷம் தனியாகவே தட்டுத் தடுமாறி அவன் கண்டுபிடித்து வைத்த வழி. சத்தியம் பண்ணு என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினானே, அந்தச் சத்தியம் அண்ணனின் கோளாறை மறைக்கக் கேட்டது இல்லை, தன்னுடையதை மறைக்கக் கேட்டது.

ஸ்வர்ணா மூச்சிரைக்க வந்து நின்றாள். "ஏங்க, கீழ எங்கயும் காணோம். கேட்டைத் தாண்டிப் போனதை வாட்ச்மேன் பாத்திருக்காரு. அண்ணி அழுவுறாங்க. தாலி இருக்கு, கட்ட வேண்டியவரைக் காணோம்னு எல்லாரும் பேச ஆரம்பிச்சிட்டாங்க."

சூரி ஒரு கையில் தாலி டப்பாவையும் இன்னொரு கையில் மோதிரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வெளியே வெயில் இன்னும் தாழவில்லை. ஷூ இங்கே கட்டிலடியில் இருந்தது.

தம்பியும் வெறுங்காலோடுதான் போயிருந்தான்.